உள்ளேன் ஐயா

மலையில் பெய்யும் மழையைச் சமவெளியில் வாழ்வோர் மகிழ்ச்சியோடு எதிர்நோக்குவர். ஆறு பெருகும், ஏரி நிறையும், வயல் விளையும் என்று அவர் எண்ணுவர். மலையிலேயே குடியிருப்போர்க்கு அம்மழை இரு முகம் உடையது. தேயிலைச் செடியில் கொழுந்து துளிர்க்கச் செய்வதும் அதுவே. நள்ளிரவில் சரிவின் மண்ணைக் குழைத்து வீட்டின்மேல் தள்ளுவதும் அதுவே. ஆதலின் ‘மழை பெய்கின்றதா?’ என்பது அவர்க்குப் போதிய வினா அன்று. ‘எவ்வளவு பெய்தது? எத்தனை நாழிகையில் பெய்தது?’ என்பனவே அவர் அறிய வேண்டுவன. அவ்வினாக்களுக்குரிய விடை, மழை கொட்டும் முகட்டிலிருந்து மக்கள் உறங்கும் பள்ளத்திற்குக் காலத்தே வந்து சேர்தல் வேண்டும். அது வந்து சேரும் வழியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு வானொலிப் பொறிகளோடு என்ன உறவு என்று வினவுவோர் இருக்கலாம். உறவு என் மாணவர் ஒருவரால் வந்தது. மலைத்தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்து, சமவெளியில் உறவினர் வீட்டில் தங்கி, என் வகுப்பில் யாப்பும் அணியும் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்று உயர்ந்தவர் அவர். மழையளவு நிலையங்களை வானொலியால் இணைக்கும் பணியை மேற்கொண்டு மலைக்குப் புறப்பட்டபோது, “ஐயா, ஓய்வாகத்தானே இருக்கின்றீர்கள்? என்னோடு வந்து பாருங்களேன்” என்று அழைத்தார். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை அடைந்தோம். அதற்கும் அப்பால் உள்ள தோட்டம் ஒன்றில் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கினோம்.

அவர் இப்பணியை ஏன் விரும்பி ஏற்றார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் இரவு, கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடி என்னும் இடத்தில் மலை சரிந்தது. சரிவின் அடியில் இருந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்து வாழ்ந்த தமிழர். அன்று ஒரு நாளில் மட்டும் அங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தமிழ்நாட்டில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 900 மில்லிமீட்டரைச் சற்று விஞ்சுவதுதான் என்பதை நினைத்தால் அப்பெருமழையின் கொடுமை புலனாகும். மின்சாரம் தடைப்பட்டு, தொலைபேசிக் கோபுரமும் செயலற்றுக் கிடந்தமையால், இரவு நேர்ந்த கேடு புறவுலகிற்கு விடிந்த பின்னரே தெரிந்தது. அதுவும் எங்ஙனம்? தப்பியவர் மழையில் நடந்து சென்று சொன்னமையால்!

இலங்கையின் மலையகத்திலும் இத்தகைய துயர் நேர்ந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கும் மாண்டவர் தோட்டத் தமிழரே. கடல் பிரித்தாலும், இரு மலைகளிலும் லயம் என்னும் சொல்லும் ஒன்றாகவே இருக்கின்றது. அதன் பின்னால் நிற்கும் சரிவும் ஒன்றாகவே இருக்கின்றது. பெட்டிமுடியின் பெயரை எடுத்தாலே என் மாணவர் சற்று நேரம் வாய் திறவார்.

மண் சரிவதற்கு முன் மழை தன் கணக்கை எழுதிவிடுகின்றது என்பது அறிஞர் கண்ட உண்மை. மண்ணின் துளைகளுக்குள் நீர் நிறைய நிறைய, அந்நீரின் அழுத்தம் மண் துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகின்றது. ஓர் எல்லையைக் கடந்தால் சரிவு தன் எடையைத் தானே தாங்காது. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்கு எண்களை வகுத்துள்ளனர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் வெளியேற அணியமாக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணியில் 75 பெய்தால், வெளியேறிவிட வேண்டும். மூணாற்றில் அந்தோணியார் காலனி என்னும் குடியிருப்பில் 2005ஆம் ஆண்டு சரிவு நேர்ந்தது. பின்னர் அமிர்தா பல்கலைக்கழகத்தார் அச்சரிவின் மண்ணுக்குள் நீரழுத்தமானிகளையும் பிற உணர்கருவிகளையும் பதித்து, 2008ஆம் ஆண்டு முதல் அவற்றின் செய்திகளை வானொலி வழியாகத் திரட்டி, செயற்கைக்கோள் வழியாகக் கடற்கரையில் உள்ள தம் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். ஆக, வழி தெரியாத துறை அன்று இது. ஆயினும் எண்களை வகுத்தல் ஒன்று. கொட்டும் மழையில், இருளில், அவ்வெண்ணை முகட்டிலிருந்து கீழே கொண்டுவருதல் வேறொன்று. முன்னது அறிவு, பின்னது உழைப்பு.

தொலைவில் உள்ள பொருளின் அளவை இருந்த இடத்திலிருந்தே அறியும் இக்கலையைத் தொலையளவியல் என்பர். எங்கள் தோட்டத்தில் நிறுவப்பெற்றவை ஐந்து அளவு நிலையங்கள், அவற்றின் சொல்லை வாங்கி மறுபுறம் சேர்க்கும் குன்றுச்சி நிலையம் ஒன்று, தோட்ட அலுவலகத்தில் தலைமை நிலையம் ஒன்று. குன்றுச்சி நிலையத்தைப் பொறியாளர் ‘ரிப்பீட்டர்’ என்கின்றனர். “இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம், ஐயா?” என்று மாணவர் கேட்டார். அஞ்சல் நிலையம் என்றேன். பழைய திருவிதாங்கூர் நாட்டில் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலை ஏந்திக்கொண்டு ஓடி, குறித்த எல்லையில் அடுத்தவரிடம் பையை ஒப்படைப்பர். ஒருவர் வாங்கி ஒருவர்க்குத் தருதலே அஞ்சல். வானொலி நிலையத்தாரும் ஒரு நிலையத்து ஒலியைப் பிறிதொரு நிலையம் வாங்கிப் பரப்புவதை அஞ்சல் செய்தல் என்றே சொல்லிவந்தனர். இச்சொல்லுக்கு இலக்கியத்தில் வேறு இரு பொருளும் உண்டு. ‘அஞ்சுதல்’ என்னும் தொழிற்பெயர்ப் பொருளும் தரும்; ‘அஞ்சாதே’ என்னும் எதிர்மறை ஏவற் பொருளும் தரும். அச்சமும், அச்சம் நீக்கும் சொல்லும், செய்தி கைமாறுதலும் ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதை நான் விரித்துரைக்க, மாணவர் கையில் திருப்புளியோடு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பில் அவர் அத்துணைப் பொறுமை காட்டியதில்லை!

ஒவ்வோர் அளவு நிலையத்திலும் இருப்பவை எளியவையே. வாய் அகன்ற புனல் ஒன்று மழைநீரை வாங்கி, அடியில் உள்ள சிறு தொட்டியில் விடுகின்றது. அத்தொட்டி நடுவில் தடுக்கப்பெற்று, ஏற்றப் பலகைபோல் இருபுறமும் சாயும் இயல்பினது. ஒரு பக்கம் நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும். உடனே மறுபக்கம் புனலின் கீழ் வரும். புனலின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் எனின், ஆறு மில்லிலிட்டரைச் சற்றே விஞ்சிய நீர் சேர்ந்தவுடன் தொட்டி சாயும், அது 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சாயுந்தோறும் ஒரு சிறு காந்தம் ஒரு மின்முனையைத் தொட்டுச் செல்ல, அருகே பெட்டிக்குள் உள்ள கருவி ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொள்கின்றது. மழையை எண்ணுகின்ற இந்தத் தொட்டியின் ‘டக்’ என்னும் ஓசையை அருகில் நின்று கேட்டால், யாரோ ஒருவர் இருளில் அமர்ந்து தாயக்கட்டை உருட்டுவது போலத் தோன்றும்.

எண்ணிய எண்ணை அனுப்புவது வானொலி. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைவரிசையை, ஆற்றல் ஒரு வாட்டுக்கு மிகாமல், உரிமம் இன்றியே எவரும் பயன்படுத்தலாம் என 2005ஆம் ஆண்டு அரசு விதித்தது. பின்னர் அவ்வெல்லை 868 வரை நீட்டப்பெற்றது. இவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 86 கோடியே 60 இலட்சம் முறை அதிர்கின்றது. அதன் நீளம் 35 சென்டிமீட்டர் அளவினது, ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்திற்குக் குறைவு. ஒரு வாட் என்பது சிறு கைவிளக்கின் ஆற்றல். எட்டுக் கிலோமீட்டர் தொலைவு சென்று சேரும்போது அதில் பத்தாயிரம் கோடியில் ஏறத்தாழ ஒரு கூறே எதிர்முனையில் கிட்டுகின்றது என்று மாணவர் கணக்கிட்டுக் காட்டினார். அந்த ஒரு கூறு கேட்கும் செவிக்குப் போதும் என்பதுதான் வியப்பு.

அச்செவிதான் ஆன்டெனா. குறுக்குக் கம்பிகள் வரிசையாக அமைந்து மீன் முள்ளைப் போலத் தோன்றும் ஆன்டெனாவை யாகி என்பர். 1926ஆம் ஆண்டு சப்பானியப் பேராசிரியர் யாகியும் அவருடன் பணியாற்றிய உடாவும் இதனை உலகிற்கு அறிவித்தனர். ஆய்வில் பெரிதும் உழைத்தவர் உடா. நிலைத்ததோ யாகியின் பெயர். இத்தகைய நிகழ்ச்சி அறிவியலில் மட்டுமா உண்டு? அது நிற்க. யாகி தான் நோக்கும் திசையிலேயே பேசும், கேட்கும். ஆதலின் அளவு நிலையங்களில் அதனைப் பொருத்தி, அஞ்சல் குன்றை நோக்கித் திருப்பிவிடுவர். அதன் கம்பிகள் ஒரு முனையில் செங்குத்தாகவும் மறுமுனையில் படுக்கையாகவும் இருக்குமாயின் ஒலி பெரிதும் தேயும். மூன்றாம் நிலையத்தில் இப்பிழை இருந்ததைக் கண்டு, ஒரு திருகாணியைத் தளர்த்தித் திருப்பியதும் அதன் குரல் தெளிந்தது.

நான்காம் நிலையம் அங்ஙனம் எளிதில் வசப்படவில்லை. அதுவோ மிக இன்றியமையாதது. நாற்பது குடும்பங்கள் வாழும் லயங்களுக்கு மேலே, சரிவின் தலையில் இருந்தது அது. அதற்கும் அஞ்சல் குன்றுக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர். அமெரிக்க விண்ணோடம் ஒன்று 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகின் மேடு பள்ளங்களை அளந்தது. அவ்வளவுகளைக் கொண்டு மாணவர் முன்னரே வரைபடம் தீட்டியிருந்தார். இடையில் மறைப்பு இல்லை என்றது வரைபடம். ஐயம் தீர்த்துக்கொள்ளப் பழைய முறை ஒன்றையும் கையாண்டார். நான்காம் நிலையத்தில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து அசைக்க, அஞ்சல் குன்றில் நின்ற எங்கள் கண்ணில் அது விண்மீன்போல் மின்னியது. கண்ணுக்குக் கண் தடையில்லை. ஆயினும் வானொலியில் பத்துச் செய்தி அனுப்பினால் ஆறோ ஏழோதான் வந்தன.

கண்ணுக்குத் தெரிவது வானொலிக்குப் போதாது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். ஒளிக்கதிர் நூலிழை போன்ற வழியே போதும் என்று வந்துவிடும். வானொலி அலையோ தன் நேர்வழியைச் சுற்றிலும் இடம் வேண்டுவது. நூல் சுற்றிய கதிர் இரு முனையும் கூர்ந்து நடுவே பருத்திருப்பதை மாணவர்கள் கண்டிருக்கக்கூடும். அவ்வடிவில் இரு நிலையங்களுக்கும் இடையே வானில் ஒரு வெளி இருக்கின்றது. ஒளியின் அலைத்தன்மையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிரெனெலின் பெயரால் அதனை வழங்குவர். எட்டுக் கிலோமீட்டருக்கு நடுவே அக்கதிரின் ஆரம் 26 மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்காயினும், அஃதாவது 16 மீட்டராயினும், தடையின்றி இருத்தல் வேண்டும். நடுவழியில் சோலைக்காடு மூடிய ஒரு முதுகு இருந்தது. எங்கள் நேர்கோடு அம்மரங்களின் தலைக்கு மேலே பத்து மீட்டர் உயரத்தில்தான் சென்றது. மழையில் இலைகள் நனைந்தால் இன்னும் மிகுதியாக அலையை விழுங்கும். வெயிற்காலத்தில் ஆறு வந்த செய்தி, வேண்டும்போது, மழைக்காலத்தில், மூன்றாகக் குறையும்.

“மரங்களை வெட்டிவிடலாமே” என்றார் உடன் வந்தவர் ஒருவர். “வேரோடு நிற்கும் மரமே சரிவைத் தாங்குவது. சரிவை அறிவதற்காக மரத்தை வெட்டுவதா?” என்றார் மாணவர். என் நெஞ்சு குளிர்ந்தது. கம்பத்தை உயர்த்தலாம், ஆனால் காற்றும் யானையும் உயர்ந்த கம்பத்தை விட்டுவைப்பதில்லை. முடிவில், குன்றின் மேல் இன்னும் மேலே, 15 மீட்டர் உயரத்தில் இருந்த பாறை ஒன்றுக்கு அஞ்சல் நிலையத்தை மாற்றினார். ஒரு முனையில் 15 மீட்டர் உயர்ந்தால் நடுவழியில் பாதியளவே உயர்வு கிட்டும். பத்தோடு ஏழரை சேர்ந்து பதினேழரை ஆயிற்று. மின்கலத்தையும் இரும்புக் குழாயையும் தலையில் சுமந்து அப்பாறைக்கு ஏறியவர் லயத்து இளைஞர் நால்வர். பிற்பகல் மூன்று மணிக்கு நான்காம் நிலையம் பத்துக்குப் பத்தும் பேசியது.

இனி, பேசும் முறை. ஐந்து நிலையங்களும் ஒரே அலைவரிசையில் உள்ளமையால் ஒரே நேரத்தில் இரண்டு பேசினால் இரண்டும் கெடும். 1971ஆம் ஆண்டு அவாய்த் தீவுகளின் பல்கலைக்கழகத்தார், தீவுக்குத் தீவு கணிப்பொறிச் செய்தி அனுப்ப ‘அலோகா’ என்னும் முறையை நடைமுறைப்படுத்தினர். அங்கே எவரும் எப்போதும் பேசலாம். மோதிக் கெட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசலாம். எளிய முறையே, ஆனால் வழியின் கொள்ளளவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குக்கு மேல் பயன் கொள்ள இயலாது என்பது கணக்கால் தெளிந்தது. ஆசிரியர் இல்லாத வகுப்பை இதற்கு உவமையாகக் கூறலாம். மலையிலோ பெருமழை பெய்யும்போதுதான் எல்லா நிலையங்களும் ஒருங்கே பேச விரும்பும். ஆதலின் மாணவர் வேறு முறையைக் கைக்கொண்டார். தலைமை நிலையம் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்தையும் எண் சொல்லி அழைக்கும். அழைக்கப்பெற்றது மட்டும் விடை சொல்லும். இடையே ஐந்து நிமிடத்தில் ஐந்து மில்லிமீட்டர் கொட்டினால், அழையாமலே கை தூக்கும் உரிமையும் அதற்கு உண்டு.

“இதை எங்கே கற்றேன், தெரியுமா ஐயா? உங்கள் வகுப்பில்தான். காலையில் பெயர் அழைப்பீர்கள். நாங்கள் ‘உள்ளேன் ஐயா’ என்போம்” என்று அவர் சிரித்தார்.

விடையில் வரும் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘சென்ற கால் மணியில் இத்தனை முறை தொட்டி சாய்ந்தது’ என்று நிலையம் சொல்வதில்லை. ‘தொடக்கம் முதல் இதுவரை இத்தனை’ என்றே சொல்லும். ஒன்பது மணிக்கு 410 என்று சொல்லியது. ஒன்பதேகாலுக்குச் சொன்னது இடியோசையில் கெட்டது. ஒன்பதரைக்கு 460 என்று வந்தது. இடையில் ஒரு செய்தி அழிந்தாலும், அரை மணியில் ஐம்பது முறை, அஃதாவது பத்து மில்லிமீட்டர் பெய்தது என்பது தெளிவு. அந்தாதி பாடிய நம் புலவர்களை எண்ணிக்கொண்டேன். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் முதலாக அமைவதால், ஏட்டில் ஒரு பாட்டு விழுந்துபட்டால் படிப்பவர் உடனே அறிவர். நூலின் இறுதியில் பாட்டுத்தொகை எழுதி வைத்ததும் அதற்கே. ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் சரிபார்க்கும் எண் ஒன்று இணைந்திருக்கின்றது; முன்னுள்ள எழுத்துகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற எண் அது. ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் அவ்வெண் பொருந்தாது. தலைமை நிலையம் அச்செய்தியைத் தள்ளிவிட்டு மீண்டும் கேட்கும். ஏடு பெயர்த்தெழுதியோர்க்கு இத்தகைய துணை இருந்திருப்பின் பாட வேறுபாடுகளால் நாம் இத்துணை இடர்ப்பட்டிருக்க மாட்டோம்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டிமுடியில் தொலைபேசி வாயடைத்தது மின்சாரம் இன்மையால் அன்றோ? எங்கள் நிலையங்கள் பெரும்பொழுது உறங்குவன. அழைப்பு வரும் நேரத்தில் விழித்துப் பேசி மீண்டும் உறங்குவன. சராசரியாக ஒவ்வொன்றும் கொள்ளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு. நாள் ஒன்றுக்கு 0.24 ஆம்பியர் மணி ஆகும். மின்கலமோ 12 ஆம்பியர் மணி கொள்வது. அதன் நலன் கருதிப் பாதியை மட்டும் செலவிட்டாலும், சூரிய ஒளியே இல்லாமல் இருபத்தைந்து நாள் தாங்கும். தென்மேற்குப் பருவத்தில் இம்மலையில் கதிரவன் முகம் காணாத நாட்கள் பல. ஆதலின் இக்கணக்கு வீண் பெருமைக்காகப் போட்டது அன்று.

எறும்பும் சிலந்தியும் குரங்கும் செய்யும் தொல்லைகளை விரிப்பின் பெருகும். அவற்றுள் ஒன்று மட்டும். புனலின் துளையை ஓர் இலை அடைத்துக்கொண்டால் தொட்டிக்கு நீர் வராது. மேலே மழை கொட்டும். நிலையமோ ஒழுங்காக விடை சொல்லி, ‘மழை இல்லை’ என்று கூறும். பேசாத நிலையத்தினும் இவ்வாறு பேசும் நிலையம் கொடிது. பக்கத்து நிலையங்களின் எண்ணோடு ஒப்பிட்டாலன்றி இப்பொய் வெளிப்படாது.

பேசாமை பற்றி மாணவர்க்கு உறுதியான கருத்து இருந்தது. “சுழியம் வேறு, ஐயா, மௌனம் வேறு. சுழியம் என்றால் மழை இல்லை. மௌனம் என்றால் எனக்குத் தெரியாது என்று பொருள். தெரியாதபோது ‘ஒன்றும் இல்லை’ என்று எண்ணிக்கொண்டு உறங்குவதுதான் ஆளைக் கொல்வது. பெட்டிமுடியிலிருந்து அன்றிரவு ஒரு செய்தியும் வரவில்லை. வராததையே செய்தி என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு எங்கும் இல்லை.” சற்றுப் பொறுத்து மேலும் சொன்னார்: “ஏழாம் வகுப்பில் நான் மூன்று நாள் வரவில்லை. காய்ச்சல். மூன்றாம் நாள் நீங்கள் ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பினீர்கள். ‘பெயர் அழைத்தால் விடை வரவில்லை, ஏன் என்று பார்த்து வா’ என்றீர்களாம். அவன் வந்த பிறகுதான் என்னை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள்.” எனக்கு அது நினைவில் இல்லை. பலரை அனுப்பியிருக்கின்றேன்.

ஆகவே தலைமை நிலையத்தில் ஒரு விதி எழுதப்பெற்றது. ஒரு நிலையம் மூன்று முறை அழைத்தும் விடை தராவிடில், அண்டை நிலையங்கள் எந்தப் படியில் உள்ளனவோ அதற்கு அடுத்த மேற்படியில் அது உள்ளதாகக் கொள்ள வேண்டும். மணி ஒலிக்க வேண்டும். ஆள் அனுப்ப வேண்டும். தோட்டத்தார் 75, 100, 150 என்னும் படிகளையே ஏற்றுக்கொண்டனர்.

சூன் திங்களில் பருவமழை பிடித்தது. ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு இரண்டாம் நிலையம் அன்றைய மழை 118 என்றது. ஐந்தாம் நிலையம் 109 என்றது. நான்காம் நிலையம் விடை தரவில்லை. மூன்று முறை அழைத்தாயிற்று. அலுவலகத்தில் மணி ஒலித்தது. காவலர் இருவர் கைவிளக்கோடு லயங்களுக்கு ஓடினர். நாற்பது குடும்பங்களும் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, முதியவர்களைத் தாங்கிக்கொண்டு, நள்ளிரவுக்குள் பள்ளிக்கூடக் கட்டடத்திற்கு வந்து சேர்ந்தன. வந்தவர் முகத்தில் அச்சத்தைவிடச் சலிப்பே மிகுந்திருந்தது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அல்லரோ? முதியவர் ஒருவர், “மழை எங்களுக்குப் புதிதா, தம்பி? எண்ணைப் பார்த்தா வீட்டை விட்டு வருவது?” என்று மாணவரிடம் கடிந்துகொண்டார். “எண் வரவில்லை, தாத்தா. அதனால்தான் எழுப்பினேன்” என்றார் அவர். முதியவர் ஒன்றும் சொல்லாமல் போர்வையை விரித்துக்கொண்டார்.

விடிந்தது. சரிவு அப்படியே நின்றது. ஒரு கல்லும் உருளவில்லை. மழை தணிந்த பின் நாங்கள் ஏறிச் சென்று பார்த்தோம். சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்து ஆன்டெனாவைத் தரையை நோக்கி வளைத்திருந்தது. கம்பம் நேராகத்தான் நின்றது. பெட்டியைத் திறந்து, உள்ளே உள்ள கருவியின் குறிப்பைப் படித்தோம். வாய் அடைபட்ட பின்னும் அது எண்ணுவதை நிறுத்தவில்லை. பத்தரை மணிக்கு அங்கே 131 மில்லிமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு 164.

அந்த இரண்டாம் எண்ணை மாணவர் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திற்குச் சென்று அம்முதியவரிடம் காட்டினார். அவர் தாளைப் படிக்கக் கற்றவர் அல்லர். பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, 150 என்னும் எல்லையை அது கடந்ததா என்று மட்டும் கேட்டார். கடந்தது என்றான் சிறுவன். “சரி, கிளையை முதலில் வெட்டுங்கள்” என்றார்.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியை இதனையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வாரம் முதல் மேல் வகுப்புப் பிள்ளைகள், சனிக்கிழமை தோறும் காவலரோடு சென்று, எட்டக்கூடிய மூன்று நிலையங்களின் புனல்களில் இலையும் சிலந்தி வலையும் இல்லாதபடி துடைத்து வர ஏற்பாடு செய்தார். காலையில் ஒரு பிள்ளை தோட்ட அலுவலகத்திற்குச் சென்று, எந்த எந்த நிலையம் விடை சொல்லியது என்று கேட்டு வரும். அதனை வகுப்பின் வருகையோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதுவர். நான் மலையிலிருந்து இறங்கிய நாளில் அப்பலகையில், ‘மாணவர் 31, வந்தோர் 29, நிலையம் 5, பேசியவை 5’ என்று எழுதியிருந்தது. வராத இருவர் வீட்டிற்கு ஆள் போயிருப்பதாக ஆசிரியை சொன்னார்.